குழாய்க்குப் பொன்னாடை

1

அபி, முகிலன், இதைச் சுற்றி உட்கார்ந்து படிக்கப்போகிற மற்றப் பிள்ளைகளே,

போன வாரம் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு முகிலன் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். "பெரியப்பா, அது என்ன குழாய்க்குப் போய்ப் பொன்னாடை போர்த்தியிருக்கீங்க? உங்க ஊர்ல ஆளே கிடைக்கலையா?" பின்னால் அபி சிரிக்கிற சத்தமும் கேட்டது. பதில் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். பேசப் பேச நீண்டுகொண்டே போனது. உங்கள் அப்பாதான், எழுதி அனுப்புங்கண்ணே, இவங்க பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகையில போடலாம் என்றான். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் உங்கள் தமிழ் டீச்சர் கோபப்படாமல் திருத்திக்கொள்ளட்டும்.

என்னைத் தெரியாத பிள்ளைகளுக்காக முதலில் ஒரு அறிமுகம். நான் அறந்தாங்கிக்காரன். இருபது வருடத்துக்கு மேலாக மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் என்ற ஊரில் இருக்கிறேன். பூமாலைக் கடையில் வேலை. மாலை கட்டுவதோடு கல்யாணம், கோவில் திருவிழா, பாராட்டு விழா எல்லாவற்றுக்கும் வேண்டிய பொன்னாடை, சந்தனம், தாம்பாளம், பன்னீர்ச் செம்பு எல்லாம் எங்கள் கடையில்தான் எடுப்பார்கள். குளுவாங்கில் யாரை யார் பாராட்டினாலும் பாராட்டப்படுகிறவருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் பெரியம்மா சரோஜா இந்த நாட்டிலேயே பிறந்தவள். பாலோ என்ற சின்ன ஊர், சுற்றிலும் தோட்டம். இப்போது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், தர்ஷினி. உங்களுக்கு அக்கா. பல்கலைக்கழகத்தில் கட்டட இன்ஜினியரிங் படிக்கிறாள். படிப்போடு அங்கே இருக்கிற காற்றிசை பேண்டில் யூஃபோனியம் வாசிக்கிறாள்.

யூஃபோனியம் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பித்தளையில் செய்த பெரிய குழாய். மடியில் உட்காரவைத்த குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். நல்ல சாரீரம் உள்ள ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு பாடினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அந்தச் சத்தம். பேண்டு என்றால் நம் ஊர் கல்யாண ஊர்வலத்தில் வருகிற பேண்டு செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவர்கள் நடக்கமாட்டார்கள். அறுபது எழுபது பேர் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து, தாளைப் பார்த்து வாசிப்பார்கள். வயலின், வீணை எதுவும் கிடையாது. எல்லாம் மூச்சுக்காற்றில்தான். பின்னால் மட்டும் மேளங்கள்.

தர்ஷினி விடுமுறைக்கு வரும்போது அந்தக் குழாயும் பேருந்தில் கூடவே வரும். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா முதல் தடவை கேட்டுவிட்டு, உங்கள் வீட்டில் மாடு வளர்க்கிறீர்களா என்று விசாரித்தார். இப்போது அவருடைய பிறந்தநாளுக்கு வந்து வாசிக்கச் சொல்கிறார்.

2

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தர்ஷினி விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, எங்க பேண்டு கான்சர்ட் வருது. பிளாக் கம்போசர்ஸை செலிபிரேட் பண்றோம். எல்லாரும் இப்ப இருக்கிறவங்க. மொத்தம் அஞ்சு பேரு. நீங்களும் அம்மாவும் கண்டிப்பா வரணும்."

அவள் எங்களோடு தமிழில்தான் பேசுவாள். ஆனால் முக்கியமான சொல் வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். கூட்டாளிகளோடு மலாய். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். முன்பெல்லாம் அது எனக்கு வருத்தம். இப்போது என்ன சொல்ல வருகிறாள் என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

அந்த ஐந்து பேரும் கறுப்பின இசையமைப்பாளர்கள். அபி, உங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருப்பாய். ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, அமெரிக்கப் பக்கம் கொண்டுபோய் அடிமைகளாக விற்றார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். பின்னால் ஆப்பிரிக்காவிலிருந்து தாங்களாகவே லண்டன் போன்ற ஊர்களுக்கு வந்து குடியேறினவர்களும் உண்டு. அவர்களிலிருந்து பெரிய பெரிய இசையமைப்பாளர்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் ரொம்ப காலம் பெரிய அரங்குகளில் அவர்கள் எழுதியதை எடுத்து வாசிக்கவே மாட்டார்களாம். எழுத ஆள் இல்லாமல் இல்லைப்பா, வாசிக்க மனசுதான் இல்லை என்றாள் தர்ஷினி.

நம்ம தாத்தாக்கள் கப்பலில் வந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டிய மாதிரிதானே என்று கேட்டேன். பெரியம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, எங்க தாத்தா கஷ்டப்பட்டாருதான், ஆனா அவரு கைக்குச் சங்கிலி போட்டுக் கூட்டி வரலை, ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க என்றாள். அது சரிதான். அடுத்தவர் பட்டதை நம்முடையது என்று சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனதில் தங்கிப்போனது வேறு. இப்போது இருக்கிறவர்கள், ஐந்து பேர், கொண்டாடுகிறோம். இதைக் கேட்டால் மாலைக் கடைக்காரனுக்கு என்ன தோன்றும்? மேடை, ஐந்து நாற்காலி, ஐந்து பொன்னாடை. நம் ஆட்கள் ஒருவரைக் கொண்டாடுகிறோம் என்றால் அவரை மேடையில் உட்காரவைக்காமல் கொண்டாடுவார்களா? அதனால் நான் வேறெதுவும் கேட்கவில்லை. தர்ஷினியும் சொல்லவில்லை. அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரியவில்லை.

அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஆனா அப்பா, ஸ்டேஜ் பக்கம் வராதீங்க. யாருக்கும் மாலை போடாதீங்க. ப்ராமிஸ்?"

அதற்குக் காரணம் உண்டு. அவள் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது விளையாட்டுப் போட்டி விழாவுக்குப் பொன்னாடை கொண்டுபோன நான், காரிலிருந்து முதலில் இறங்கிய ஆளுக்கே போர்த்திவிட்டேன். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, நல்ல உயரம். அவர் டிரைவர். சிறப்பு விருந்தினர் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றார். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எத்தனை பேருக்குக் கேட்டாலும் ஒன்று கூடுதலாகக் கட்டிக் கொடுப்போம். விழா என்றால் யாராவது ஒருவர் எதிர்பாராமல் வருவார்.

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். மாலை போடமாட்டேன். பொன்னாடையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அதையும் நானாகப் போர்த்துவதாக இல்லை. ஏற்பாட்டாளர் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வதாகத்தான் எண்ணம்.

கடையில் நிறம் தேர்ந்தெடுக்கத்தான் நேரமானது. எங்கள் முதலாளியம்மாவும் நானும் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தோம். வெளிநாட்டுக்காரர்களுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா என் கையைப் பிடித்து என் மேலேயே ஒரு துணியை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா யோசனை? நம்ம கலருதானே அவங்களும். நமக்கு எடுக்கிறது அவங்களுக்கும் எடுக்கும்" என்றார். அரக்குச் சிவப்பு, தங்கக் கரை. ஒன்று கூடுதலாக ஆறு. எனக்கு வாங்கின விலைக்கே போட்டுக் கொடுத்தார்.

3

விழாவுக்கு முந்தைய வாரம் தர்ஷினி அம்மாவுக்குப் போன் செய்து அழாத குறையாகப் பேசினாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

ஐந்து பாட்டுகளில் நான்காவது அமெரிக்காவில் இருக்கிற ஒரு பெண் எழுதியது. (அவர்கள் பெயர்களை நான் எழுதவில்லை. தமிழில் எழுதினால் தப்பாகிவிடும், அவர்களை அவமானப்படுத்தின மாதிரி ஆகும்.) அந்த அம்மாவின் தாயார் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவராம். வேலை முடிந்து பேருந்துக்காக நிற்கும்போது வாய்க்குள்ளேயே ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பாராம். சிறுபிள்ளையாகக் கூட நின்று கேட்ட அந்த முனகலைத்தான் மகள் வளர்ந்து இசையாக எழுதினார். பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் ஓய்ந்துவிடும். யூஃபோனியம் மட்டும் தனியாக அந்த முனகலைப் பாடும். அந்த இடம் தர்ஷினிக்கு.

அவள் இரண்டாம் ஆண்டுதான். மூத்த மாணவர்கள் இருக்கும்போது பேண்டை நடத்துகிற லிம் டீச்சர் இவளைத்தான் தேர்ந்தெடுத்தார். அதோடு, எழுதிய அந்த இசையமைப்பாளரே அன்று கேட்கப்போகிறார் என்றும் சொல்லிவிட்டார்களாம்.

"அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் எனக்கு வாசிக்க ஒண்ணும் இல்லம்மா. சும்மா உக்காந்திருக்கணும். அந்த ஹால்ல ஏர்கோன் ஐஸ் மாதிரி. ஹார்ன் ஜில்லுனு ஆயிடுது. எடுத்து ஊதுனா முதல் நோட்டு கீழ இறங்கிப் போவுது. எல்லாரும் அமைதியா இருக்கிற நேரம்மா. அது ஒண்ணுதான் கேக்கும்."

பிள்ளைகளே, பித்தளைக் குழாய்க்கு இப்படி ஒரு குணம். சூடாக இருந்தால் சுரம் சரியாக நிற்கும். ஆறிப்போனால் சுரமும் இறங்கிவிடும். அதனால் வாசிக்காத நேரத்திலும் சத்தம் வராமல் உள்ளே காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்களாம். அந்த அரங்கில் அதுவும் போதவில்லை.

ஏர்கோனை, உங்கள் ஊர் ஏசியை, குறைக்கச் சொன்னால் என்ன என்று கேட்டேன். அந்தக் கதையைக் கேளுங்கள். அரங்கில் பொத்தான் கிடையாது. அது கட்டட அலுவலகத்தில் இருக்கிறது. கட்டட அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். கடிதத்தில் மாணவர் விவகாரப் பிரிவு கையெழுத்து போட வேண்டும். கையெழுத்து போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வந்து கையெழுத்து போட்டதும், குறைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்று பதில் வந்தது. இது மலேசியாவின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ரேஷன் கார்டில் என் அப்பா பெயரைத் திருத்துவதற்கு உங்கள் அப்பா அலைந்தது எனக்குத் தெரியும்.

பெரியம்மா, சாமியை வேண்டிக்கோ, மஃப்ளர் கட்டிக்கோ என்றாள். இரண்டு மூன்று நாள் கடையில் மாலை கட்டும்போதெல்லாம் அந்த முதல் சுரம்தான் நினைவு. ஒரு பிள்ளை எல்லோரும் பார்க்க, எல்லோரும் அமைதியாக இருக்க, வாயைத் திறக்கப்போகிறது. அது தடுமாறக் கூடாது. அவ்வளவுதான் என் கவலை.

4

சனிக்கிழமை மத்தியானம் கடை வேனை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஆயர் ஈத்தாம் வழியாகப் போக வேண்டும். அந்தப் பெயருக்குக் கறுப்புத் தண்ணீர் என்று அர்த்தம். ஆனால் நான் பார்த்தவரைக்கும் அங்கே தண்ணீரைவிட மண்பாண்டக் கடைதான் அதிகம். பெரியம்மா ஒரு பூந்தொட்டியைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னாள். திரும்பி வரும்போது வாங்கலாம் என்றேன். திரும்பி வரும்போது கடை பூட்டியிருக்கும் என்பது இருவருக்குமே தெரியும்.

வேனுக்குள் தாம்பாளத்தில் ஆறு பொன்னாடை, கற்கண்டு, சந்தனக் கிண்ணம். பன்னீர்ச் செம்பை மட்டும் பெரியம்மா வீட்டிலேயே பிடுங்கி வைத்துவிட்டாள். அவங்க மேல தண்ணி தெளிச்சா பயந்துருவாங்க என்றாள்.

பல்கலைக்கழக வாசலில் ஜாகா தடுத்தார். ஜாகா என்றால் காவலாளி. மலாய்க்காரர், வயதானவர். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். வண்டியெல்லாம் மல்லிகை வாசம், மடியில் தங்கக் கரை போட்ட துணி. யார் வருகிறார்கள், அமைச்சரா என்று கேட்டார். ஐந்து பேர், வெளிநாட்டிலிருந்து என்றேன். அவர் நிமிர்ந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு என் அடையாள அட்டையைக் கேட்டார்.

இந்த நாட்டுக் குடிமக்களுக்கு நீல அட்டை. எனக்குச் சிவப்பு. நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. பல வருடம் அதுகூட இல்லாமல் இருந்தேன். விசா தவணை முடியும்போதெல்லாம் பெரியம்மா லீவு போட்டுவிட்டு என்னோடு குடிநுழைவு அலுவலகத்துக்கு வந்து, ஆமாம், இவர் என் வீட்டுக்காரர்தான் என்று கையெழுத்து போட வேண்டும். ஒரு தடவை அங்கிருந்த அதிகாரியம்மா, இன்னும் இவர்தானா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வேற நல்லதா இருந்தா காட்டுங்க, மாத்திக்கிறேன் என்றாள் பெரியம்மா. அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்தது.

ஜாகா சிவப்பு அட்டையைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார், யாருக்கோ வாக்கிடாக்கியில் பேசினார். தடுப்பை உயர்த்தி எங்களை முக்கிய விருந்தினர்கள் வண்டி நிறுத்துமிடத்துக்கே அனுப்பிவிட்டார். அங்கே ஒரு மாணவன் ஓடிவந்து, எங்களை முன்வாசல் வழியாக அழைத்துப்போகாமல் பக்கவாசல் வழியாக மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டான். ஸ்டேஜ் பக்கம் வராதீங்க என்று எவள் சொன்னாளோ, அவளுக்கு நேர் எதிரே தாம்பாளத்தோடு நின்றேன்.

5

தர்ஷினி கறுப்பு உடையில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். குழாயைத் தன் ஜாக்கெட்டால் சுற்றி அணைத்து வைத்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. சற்று முன்னால் நடந்த ஒத்திகையிலும் முதல் சுரம் இறங்கிப்போய்விட்டது. என்னையும் தாம்பாளத்தையும் பார்த்ததும் மலாயில் ஐயோ போட்டாள்.

"அலமாக். அப்பா, இது என்னாது?"

"அந்த அஞ்சு பேருக்கும்மா. நான் போர்த்தமாட்டேன். உங்க டீச்சர்கிட்ட குடுத்துட்டுப் போயிருவேன். எங்க அவங்க, ரூம்ல இருக்காங்களா?"

அவள் கூட்டாளிகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவங்க வரலப்பா. அமெரிக்காவில ஒருத்தர், லண்டன்ல ஒருத்தர், அங்கங்க இருக்காங்க. அவங்க எழுதுன பாட்டுதான் இங்க. அதை வாசிக்கிறதுதான் செலிபிரேட் பண்றது."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுற்றிலும் அவள் கூட்டாளிகள். பெரியம்மாகூட என்னைக் கிண்டல் செய்யவில்லை. அதிலிருந்தே நிலைமை புரிந்தது. தாம்பாளத்தை வேனில் வைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன்.

அப்போது ஒரு பையன் குறுக்கே வந்தான். ஹக்கிம் என்று பெயர். பேண்டிலேயே பெரிய குழாயான டூபாவை ஊதுகிறவன், ஆளும் அதற்குத் தக்க அளவு. மேலே இருந்த பொன்னாடையைத் தொட்டுப் பார்த்தான். இரண்டாக மடித்துக் கைமேல் சுற்றிப் பார்த்தான். தர்ஷினியிடம் மலாயில் ஏதோ சொன்னான். அவள் கண் விரிந்தது. பிறகு என்னிடம் தலையைக் குனிந்து கேட்டான், "அங்கிள், போலே பிஞ்சாம்?" இரவல் தருவீர்களா என்று.

அவன் யோசனை இதுதான். வாசிக்காத நேரத்தில் குழாயைச் சுற்றி இதைப் போர்த்திவிட்டு, உள்ளே மூச்சை ஊதிக்கொண்டிருந்தால் சூடு உள்ளேயே நிற்கும். ஜாக்கெட்டைச் சுற்றிப் பார்த்தார்களாம், பொத்தானும் ஜிப்பும் குழாயில் உரசிச் சத்தம் போட்டதாம். இதில் அப்படி எதுவும் இல்லை.

நான் தயங்கினேன். கஞ்சத்தனம் இல்லை. தொழிலில் ஒரு முறை இருக்கிறது. பொன்னாடையை இரவல் கொடுக்க முடியாது. போர்த்தினால் போர்த்தினதுதான், திரும்ப வாங்கக் கூடாது. அதோடு, மனிதருக்குப் போர்த்துவதைப் பித்தளைக்குப் போர்த்தலாமா? இதைத் தர்ஷினியிடம் தமிழில் சொன்னேன். அவள் அதை ஹக்கிமுக்குச் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மாதான் முடித்துவைத்தாள். விழாவுக்கு வர முடியாதவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் பொன்னாடை வாங்கிக்கிறதில்லையா என்று கேட்டாள். எத்தனை விழாவில் பார்த்திருக்கிறேன். அவர் சார்பில் அவருடைய மைத்துனர் பெற்றுக்கொள்வார் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள், மைத்துனர் வெட்கப்பட்டுக்கொண்டே வருவார். அவங்க சார்புல இந்தக் குழாய் வாங்கிக்கட்டும், போர்த்துங்க, நேரம் ஆவுது என்றாள்.

ஒரு பொன்னாடையை உதறிப் பிரித்தேன். தர்ஷினியின் மடியில் இருந்த யூஃபோனியத்துக்கு, ஒரு பெரிய மனிதருக்குப் போர்த்துவதைப் போலவே, கரை வெளியே தெரியும்படி, இரண்டு முனையும் சமமாக வரும்படி போர்த்தினேன். பழக்கதோஷத்தில் கும்பிட்டும்விட்டேன். ஹக்கிம் கைதட்டினான். தர்ஷினி குழாய்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பல நாளாக அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

இன்னும் நான்கு பொன்னாடைகள் மற்ற நான்கு பெரிய குழாய்களுக்குப் போயின, கூடுதலாக எடுத்த ஆறாவது மட்டும் என் கையில் மிஞ்சியது. கற்கண்டை மேளக்காரர்கள் தீர்த்துவிட்டார்கள்.

6

அரங்கில் எங்களுக்கு நடுவரிசை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே பெரியம்மாவுக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. என் மடியிலிருந்த ஆறாவது பொன்னாடையை எடுத்து, தானே தனக்குப் போர்த்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் இவள்தான் முக்கிய விருந்தினர் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு அந்த இசை தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். காதில் பட்டதை மட்டும் சொல்கிறேன். முதல் பாட்டு தகரக் கூரையில் மழை பிடிப்பதைப் போல ஒரு துளி, இரண்டு துளி என்று தொடங்கிச் சடசடவென்று கொட்டியது. இரண்டாவது பாட்டில் எல்லோரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் காலைத் தரையில் தட்டிக் கையையும் தட்டினார்கள். முகிலன் அங்கே இருந்திருந்தால் நாற்காலியில் நின்றிருப்பான். மூன்றாவது முழுக்கச் சண்டை. எக்காளம் ஒன்று கேள்வி கேட்கும், மேளங்கள் பதில் சொல்லும், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. லிம் டீச்சர் சின்ன உருவம். அவர் கையை வீசினால் அத்தனை பேரும் அலைபோல எழுந்து அடங்கினார்கள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லோரும் எங்கோ இருக்கிற யாரோ ஒருவர் மனதில் நினைத்ததைச் சேர்ந்து மூச்சு விட்டு வாசித்தார்கள்.

பிறகு நான்காவது. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு நீண்டது. தர்ஷினி வாசிக்காமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் சிவப்புத் துணி மட்டும்தான் தெரிந்தது. அதன் மேல்முனையில் வாயை வைத்து மெல்ல மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள். குளிரில் தூங்குகிற பிள்ளைக்கு மூச்சால் கதகதப்பு கொடுப்பது போல இருந்தது. ஒவ்வொரு வாத்தியமாக ஓய்ந்தது. கடைசியில் மேளமும் நின்றது. அரங்கில் ஏர்கோன் இரைவது மட்டும் கேட்டது.

தர்ஷினி பொன்னாடையை விலக்கினாள். குழாயை உயர்த்தினாள்.

வந்தது. முதல் சுரம். நேராக வந்தது. தடுமாறாமல், தேடாமல், தான் நிற்க வேண்டிய இடம் எதுவென்று தெரிந்தது மாதிரி வந்து நின்றது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். லிம் டீச்சர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை, அவர் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். ஹக்கிம் முகம் தெரிந்தது. டூபாவுக்குப் பின்னால் அவன் வாய் காதுவரைக்கும் போனது. அதற்குப் பிறகுதான் நான் பாட்டைக் கேட்டேன். வேலை முடித்த ஒரு பெண் பேருந்துக்காக நின்றுகொண்டு வாய்க்குள் முனகுகிறாள். யாருக்காகவும் பாடவில்லை. களைப்பாக இருக்கிறது, ஆனால் மனம் நன்றாக இருக்கிறது. ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற பெரியம்மாவும் இப்படித்தான் எதையோ முனகிக்கொண்டு வருவாள். திரும்பிப் பார்த்தேன். பொன்னாடை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

7

ஐந்தாவது பாட்டும் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் பெரிய திரையை இறக்கினார்கள். இணையம் வழியாக நேரலையில் கேட்டுக்கொண்டிருந்த, நான்காவது பாட்டை எழுதிய இசையமைப்பாளர் அம்மா திரையில் தோன்றினார். இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், அவருக்குக் காலைக் காபி நேரம். தலையில் மஞ்சள் துணியை அழகாகச் சுற்றிக் கட்டியிருந்தார். கையில் கோப்பை. அவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். தன் தாயார் இப்போது இல்லை என்றும், இன்றைக்கு ஒரு நிமிடம் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் அவரோடு நின்றுவிட்டு வந்ததாகவும் சொன்னார். தர்ஷினி இதைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்.

அதன் பிறகு அவர் கேட்டார், அந்த வாத்தியங்களெல்லாம் உடுத்தியிருக்கிற சிவப்புத் துணி என்ன?

லிம் டீச்சர் ஒலிவாங்கியைத் தர்ஷினியிடம் கொடுத்தார். அவள் எழுந்து ஆங்கிலத்தில் பேசினாள். எங்கள் ஆட்கள் ஒருவரைக் கொண்டாடினால் இதைத்தான் போர்த்துவோம், நீங்கள் ஐந்து பேரும் நேரில் வருவீர்கள் என்று நம்பி என் அப்பா குளுவாங்கிலிருந்து கொண்டுவந்தார், நீங்கள் வராததால் உங்கள் சார்பில் வாத்தியங்கள் வாங்கிக்கொண்டன என்று சொன்னாளாம். அரங்கு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு முள்ளும் குத்தவில்லை. அவளே பெருமையாகச் சொல்லும்போது எனக்கென்ன? பிறகு அவள் அரங்கைத் தேடிப் பார்த்தாள். ஒலிவாங்கியை வாயருகே வைத்தபடியே, அத்தனை பேர் கேட்க, தமிழில் கூப்பிட்டாள்.

"அப்பா, ஸ்டேஜுக்கு வாங்க."

போனேன். மேடையில் போய் நின்ற பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஐந்து குழாய்களுக்கு ஐந்து. ஆறாவது பெரியம்மா தோளில். ஒருவருக்குப் போர்த்தியதை எடுத்து இன்னொருவருக்குப் போர்த்த முடியாது. வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரையில் அந்த அம்மா காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். மஞ்சள் துணி கட்டிய தலையை எனக்கு நேராகக் குனிந்தார். பொன்னாடை வாங்கிக்கொள்கிறவர்கள் குனிவார்களே, அப்படியே. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தர்ஷினி தன் யூஃபோனியத்தைப் போர்த்தியிருந்த துணியோடு சேர்த்துத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடித்தாள். நான் அதன் இரண்டு முனையையும் சமமாக இழுத்துச் சரிசெய்துவிட்டு, அவரைக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். அந்தப் படத்தைத்தான் ஹக்கிம் எடுத்தான். அதைத்தான் உங்களுக்கு அனுப்பினேன்.

அந்தப் பொன்னாடையைத் தபாலில் அனுப்பி வைக்கட்டுமா என்று லிம் டீச்சர் கேட்டதற்கு, வேண்டாம், அது அந்த வாத்தியத்துக்கே இருக்கட்டும், என் பாட்டை யார் வாசித்தாலும் அதைப் போர்த்திக்கொண்டு காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

திரும்பும்போது ஆயர் ஈத்தாமில் பூந்தொட்டிக் கடை பூட்டித்தான் இருந்தது. பெரியம்மா பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அந்த மெட்டை முனகிக்கொண்டே வந்தாள்.

ஆக, முகிலன், ஆள் கிடைக்கலையா என்று கேட்டாய். கிடைத்தார்கள். தூரமாக இருந்தார்கள், அதனால் குழாய் வாங்கிக்கொண்டது.

நேற்றுத் தர்ஷினி கடைக்குப் போன் செய்தாள். அடுத்த நிகழ்ச்சி தென்கிழக்காசியப் பெண் இசையமைப்பாளர்களுக்காம், நான்கு பேர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் முந்திக்கொண்டாள்.

"அஞ்சா எடுத்து வைங்கப்பா. அம்மாவுக்குக் குளிரும்."